கணக்கில் வராத தண்ணீர்

ஸ்டான்தார்ப்பில் இரவு ஒன்றரை மணிக்கு
தெருவின் நெஞ்சில் காது வைப்பேன்.
ஒரு மீட்டர் நீள எஃகுக் கம்பி,
மேல்முனையில் மரக் குமிழ்.
கீழ்முனை வால்வு மூடியில்,
குமிழ் என் வலது காதில்.
கவுன்சில் சம்பளம் தருவது எனக்கல்ல,
வலது காதுக்கு.

பகலில் முடியாது.
பகலில் ஊர் பேசிக்கொண்டே இருக்கும்,
வார்விக்கிலிருந்து லாரிகள் வந்துகொண்டே இருக்கும்,
தலைக்கு நாற்பதாயிரம் லிட்டர் சுமந்து
மேடேறி மூச்சிரைத்து.
அணையில் படகுத்துறை தரையில் நிற்கிறது.
அதன் கால்களுக்கு நடுவே யாரோ
ஒரு மடக்கு நாற்காலி போட்டுவைத்திருக்கிறார்கள்.

ஆளுக்கு நாளைக்கு எண்பது லிட்டர்.
அரிசி களைய இரண்டு,
களைந்தது கறிவேப்பிலைச் செடிக்கு.
குளியல் மூன்று நிமிடம், காலடியில் வாளி,
வாளி கழிப்பறைக்கு.
பிரிஸ்பேனிலிருந்து தங்கை போனில் சொன்னாள்:
"அவர் காசைத் தண்ணியாச் செலவழிக்கிறார், அக்கா."
சட்டென்று எனக்கு அவள் கணவர்மேல் மதிப்பு வந்தது,
எவ்வளவு சிக்கனமான மனிதர்!
அவள் அழுகிறாள் என்று
பிறகுதான் புரிந்தது.

மண்ணுக்கடியில் கேட்பதெல்லாம் ஒழுக்கு அல்ல.
மின்மாற்றி முனகும்.
யார் வீட்டு ஃப்ரிட்ஜோ இருமி அடங்கும்.
சில நேரம் என் ரத்தமே ஓடும்;
அதைக் கேட்டு முதல் வாரம் இரண்டு இடத்தில்
நீல வண்ணம் அடித்துவிட்டேன்.
தோண்டிப் பார்த்துவிட்டு க்ளென்டா சொன்னாள்:
"உனக்குத்தான் எங்கோ ஒழுகுது, நிரஞ்சி."

உண்மையான ஒழுக்கு
காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்,
ஆனால் அடங்காது.
கருங்கல் அந்தச் சத்தத்தை வெகுதூரம் கடத்தும்.
இந்த ஊர் முழுக்கக் கருங்கல்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
கணக்கில் வராத தண்ணீர்.
குழாயில் ஏறியது,
எந்த மீட்டரிலும் இறங்காதது.
ஆறாவது வருடமாக இடைக்கால விசாவில் இருப்பவளுக்கு
அந்தக் கட்டத்தின்மேல் கொஞ்சம் பாசம்.

செவ்வாய் இரவு.
கைவிட்ட ஆப்பிள் தோட்டத்தை ஒட்டி
ஊரின் கடைசி மீட்டர்.
கம்பி தேவைப்படவில்லை. மண் மணத்தது.
டார்ச் வெளிச்சத்தில் தட்டளவு சேறு,
அதைச் சுற்றிப் புல்,
வெட்கமே இல்லாத பச்சை.
சேற்றில் வாலபியின் நீளப் பாதம்,
அதன் வால் இழுத்த கோடு,
மேக்பையின் முள்விரல்,
ரேஷன் கடை வரிசைபோல எறும்புகள்,
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தவளை.
மூன்று திசைகளிலிருந்து ஒற்றையடிப் பாதைகள்,
எல்லாம் ஒரு தளர்ந்த வாஷரை நோக்கி.

கோப்பையில் பிடித்து மணி பார்த்தேன்.
மணிக்குப் பதினொரு லிட்டர்.
நாளைக்கு இருநூற்று அறுபத்து நான்கு:
மூன்று பேர்,
மிச்சத்தில் ஒரு கைக்குழந்தை.

ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கினேன்.
உள்ளே குண்டு உருண்டது.
தவளை கத்துவதை நிறுத்தியது.

படிவத்தில் புதன் என்று எழுதினேன்.
ஒரு நாள், ஒரே நாள்,
கவுன்சிலுக்குத் தண்ணி காட்டினேன்.
மூன்று நாள் நான் குளிக்காமல் கிடந்தாலும்
ஈடாகாது. தெரியும்.
கிடந்தேன்.
புதன் இரவு நீல அம்பு வரைந்தேன்,
நேராக, பார்வையில் படும்படி.

வெள்ளி இரவு போனபோது
க்ளென்டாவின் ஆட்கள் சுத்தமாக முடித்திருந்தார்கள்.
புது வாஷர், புதுப் பித்தளை, இடித்து இறுக்கிய மண்.
ஓரத்தில் தப்பிய தடங்கள் காய்ந்து
ஓடுபோல் விளிம்பு சுருண்டிருந்தன.
கம்பியை ஊன்றிக் குமிழைக் காதில் வைத்தேன்.
ஒன்றுமில்லை.
இந்த ஒன்றுமில்லாததற்குத்தான் சம்பளம்.

தலை நிமிர்த்தினால்
பத்தடியில் ஒரு வாலபி.
ஒரு காது என் பக்கம்.
மற்றது தரையை நோக்கித் திரும்பியிருந்தது.

தொலைவில் முதல் லாரி மேடேறத் தொடங்கியது.
நான் கம்பியை எடுக்கவில்லை.
அதுவும் போகவில்லை.